டைனமோ போட்டுக்கொண்ட ஊசி

ஆண்கள் எல்லாரிடமும் பொய் சொல்வார்கள். தையல்காரனிடம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொய் சொல்வார்கள். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் தொப்பை உள்ளே ஓடிவிடும், மார்பு முன்னால் வந்து நிற்கும். நான் அவசரப்பட மாட்டேன். வீட்டில் எல்லாரும் நலமா என்று பேச்சுக் கொடுப்பேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சு வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அந்த நேரத்தில் அளவை எடுத்துக்கொள்வேன். இந்த வித்தை பலிக்காமல் போன ஒரே ஆள் என் சகலை. அவன் உடம்பே பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியவில்லை, கட்டிக்கொண்டவளுக்கும் தெரியவில்லை.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். ஜெனரேட்டர் மெக்கானிக். அதனால் அவனை ஊரே டைனமோ என்றுதான் கூப்பிட்டது. பெற்ற தாய்கூடக் கோபம் வந்தால்தான் நிஜப் பெயரைச் சொல்வாள். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டதால் ஒரு பட்டறையில் மண்ணெண்ணெயில் உதிரிபாகம் கழுவும் வேலைக்குப் போனவன், படிப்படியாக வளர்ந்து சொந்தமாக ஒப்பந்தம் எடுத்தான். துணிக்கடை, குளிர்பதனக் கிடங்கு, தனியார் மருத்துவமனை என்று எங்கெல்லாம் தரைக்கு அடியில் ஒரு ஜெனரேட்டர் இருக்கிறதோ அங்கெல்லாம் டீசல் வாடையோடு அவன் இருப்பான். கடை மூடிய பிறகுதான் மெஷினைப் பிரிக்க விடுவார்கள் என்பதால் பாதி வேலை இரவில். பகலில் தூங்கலாம் என்றால் எங்காவது மின்சாரம் போய்விடும், போன் அடிக்கும். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் என் கல்யாணம் என்று நின்றவன். அவன் மாலை போட்டுக்கொள்ளும்போது முன்மண்டையில் பாதி வெட்டவெளியாகியிருந்தது.

பெண்ணுக்கும் அது தாமதமான கல்யாணம்தான். பார்சல் அலுவலகத்தில் பிரித்து அடுக்கும் பிரிவில் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ரகம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சமே கிடையாது. கல்யாணமான புதிதிலேயே எங்கள் வீட்டில் உட்கார்ந்து, எனக்கு இரண்டு குழந்தை வேண்டும், பெண்ணா ஆணா என்று கவலையில்லை, சீக்கிரம் வேண்டும் என்று சொன்னவள். குழந்தைச் சட்டை இருக்கிற பார்சலைப் பிரிக்காமலேயே தொட்டுச் சொல்லிவிடுவாளாம். அது மெத்தென்று ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பாள்.

இரண்டு வருஷம் ஓடியது. குழந்தை வரவில்லை. அதற்குள் டைனமோவுக்குத் தொப்பை வந்திருந்தது. நான் அவன் பேண்ட்டுகளை எல்லாம் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை வெளியே எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். சாப்பிடும்போதே தூங்கி வழிந்தான். அவன் குறட்டை அவன் ரிப்பேர் பண்ணுகிற மெஷினைவிட மோசம் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடமே புகார் சொன்னார். அவன் மனைவி என் மனைவியிடம் வேறு ஒன்று சொல்லி அழுதிருக்கிறாள். அவர் என் பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை அக்கா, என்னைப் பிடிக்கவில்லையோ என்னவோ என்று.

பிடிக்காமல் இல்லை. உடம்பு கேட்கவில்லை. இதை அவன் என்னிடம் சொன்னது பல வருஷம் கழித்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அப்போது யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கிறான். நல்ல மனிதர் போலிருக்கிறது. காலையில் ரத்தம் எடுக்க வைத்து, ஆணுக்கான அந்த டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தொப்பையும் தூக்கமின்மையும் குறட்டையும் சேர்ந்தால் அது இறங்கும், பயப்பட வேண்டாம், முதலில் எடையைக் குறையுங்கள், ராத்திரி வேலையைக் குறையுங்கள், குறட்டைக்கு வைத்தியம் பாருங்கள், பாதி தானாகவே ஏறிவிடும் என்றிருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டு, அடுத்த முறை மனைவியையும் அழைத்து வாருங்கள், குழந்தை விஷயத்தைப் பேசிவிட்டுத்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று முடித்திருக்கிறார்.

அங்கேதான் இவனுக்குக் கால் பின்வாங்கியது. உன் புருஷனுக்கு ஆண்மைச் சரக்கு கம்மி என்று ஒரு டாக்டர் சொல்ல, அதைப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதா? அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை போயிருந்தால் போதும். அந்த டாக்டர் எதைச் சொல்ல மனைவியைக் கூட்டி வரச் சொன்னாரோ அதைக் கேட்டிருப்பான். இந்தக் கதையும் இருந்திருக்காது. எனக்கு இப்போது நினைத்தாலும் அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

அவன் பராமரித்த கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் ஒரு ஜிம் இருந்தது. அதை நடத்தியவனை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கழுத்தே இல்லாத ஆள். அவனுக்குக் காலர் தைக்கச் சொன்னால் நான் தொழிலை விட்டே ஓடிவிடுவேன். டைனமோ பேச்சுவாக்கில் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். மாஸ்டர் சிரித்திருக்கிறான்.

"லெவல் கம்மின்னா ஊத்த வேண்டியதுதானே. வண்டியில ஆயில் குறைஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

ஒரு மெக்கானிக்கிடம் இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? வாரத்துக்கு ஒரு ஊசி, தொடையில், துணி மாற்றும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு. மாஸ்டர் ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. குழந்தை வேண்டுமா என்றும் கேட்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான். ஆனால் அந்த ஓணான் முதலில் கடிக்கவில்லை. அதுதான் வினை.

முதலில் கவனித்தது நான். சட்டை தைக்க வந்தவனுக்குப் பழைய அளவு எதுவும் சரிப்படவில்லை. தோள் விரிந்திருந்தது, கை பருத்திருந்தது, தொப்பை இறங்கியிருந்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். வாய் ஓயாமல் பேசினான், மார்பு இருந்த இடத்திலேயே இருந்தது. என்னடா சாப்பிடுகிறாய் என்றேன். முட்டை என்றான். நானும் நம்பி வீட்டில் முட்டை வாங்கிப் போடச் சொன்னேன். எனக்கு வாயுதான் வந்தது.

ஒரு ஆள் தூக்க முடியாத பேட்டரியை ஒற்றையாகத் தூக்கினான். வேலையாட்களிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். ஆனால் வீட்டில் சந்தோஷம்தான். என் மனைவியிடம் தங்கை வெட்கத்தோடு என்னவோ சொல்ல, என் மனைவி என் தொப்பையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இனி என்ன, சீக்கிரமே நல்ல செய்தி வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

வரவில்லை. ஒரு வருஷம் போனது, இன்னொன்றும் போனது. இப்போது அவன் அம்மா பேச ஆரம்பித்தாள். என் பிள்ளையைப் பாரு, சிங்கம் மாதிரி இருக்கான், அவனிடம் என்ன குறை இருக்க முடியும் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னாள். மிச்சத்தைச் சொல்லவே தேவையில்லை. மருமகள் காதில் விழுகிற தூரத்தில்தான் சொல்வாள். சிங்கம் என்ன செய்தது என்றால், அம்மாவை அடக்கவில்லை. கண்ணாடியில் தன் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பேச்சு கேட்க நன்றாக இருந்தது என்று அவனே பின்னால் ஒத்துக்கொண்டான்.

மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் அலைந்தாள். மாத்திரை, ஸ்கேன், மாதாமாதம் ஊசி. எதிலும் குறை தெரியாததால் கடைசியில் வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள். உங்கள் கணவருக்கும் ஒரு சோதனை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பினார்கள். இவன் தட்டிக் கழித்தான். கையில் ஒரு குப்பியைக் கொடுத்து அறைக்குள் போகச் சொல்வார்களாம், எனக்கு எதற்கு அந்த அசிங்கம் என்றான். அவள் வயிற்றில் கட்டோடு படுத்திருந்த வாரத்தில், பழம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போய் மாஸ்டரிடம் தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, பழமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஊசி. அவளுக்குப் போட்டது குழந்தை உண்டாக. இவனுக்குப் போட்டது உண்டாகாமலிருக்க. அது இவனுக்கே தெரியாது. தெரியாது என்பதற்காக நான் மன்னிக்கத் தயாராகத்தான் இருந்தேன், ஒளித்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

முடிவாக என் மனைவிதான் களத்தில் இறங்கினாள். அவன் வீட்டுக் கூடத்தில் பெட்டியோடு போய் உட்கார்ந்தாள். நீங்கள் சோதனைக்குப் போகிறவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, மாமியாரிடம் காபி கேட்டாள். அந்தம்மாவால் அவளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. போய்த் தொலைந்துவிட்டு வாடா என்று அவன் தாயே அவனை விரட்டிவிட்டாள்.

முடிவு வந்தது. விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. குறைவு என்றில்லை, பழுது என்றில்லை, சுத்தமாக ஒன்றுமே இல்லை. தப்பாக இருக்கும் என்று மறுபடி எடுத்தார்கள். அதே பூஜ்யம்.

அவள் காட்டிவந்த லேடி டாக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். கொழுந்தியாள்தான், மாமா நீங்களும் வாங்க, அவர் கோபப்பட்டால் அடக்க ஆள் வேண்டும் என்றாள். ஏதாவது மருந்து, ஊசி எடுத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். மனைவியை வைத்துக்கொண்டு இல்லை என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். இவன் அந்தப் பூசணிக்காய்க்குச் சட்டை வேறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

அடுத்த முறை எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனை மட்டும் வைத்துப் பேசினார். வெளியே வந்தவன் மனைவியைப் பார்க்காமல் நேராகப் படியிறங்கினான். வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போய்ப் பிடித்தேன். அங்கேதான் எல்லாவற்றையும் கொட்டினான்.

உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே தயாரிக்கிறது, மூளை உத்தரவு போடுகிறது, கீழே வேலை நடக்கிறது. வெளியிலிருந்து ஊசியில் வந்து குவிந்தால், போதும் போதும் என்று மூளை உத்தரவை நிறுத்திவிடும். அதோடு விந்தணு உற்பத்தியும் நின்றுவிடும். பார்க்க ஆம்பளை மாதிரி இருப்பீர்கள், அப்பா ஆக முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"மெயின் லைன் வந்தா ஜெனரேட்டர் தானா நின்னுடும், அண்ணே. சும்மா நிறுத்தியே வச்சா உள்ள பிடிச்சுக்கும், வாரம் ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கன்னு ஊரெல்லாம் நான்தான் சொல்லித் திரியிறேன். என் உடம்புக்கு அது தோணலையே."

இனி வராதா என்று கேட்டேன். வரலாம், ஊசியை நிறுத்தி மாத்திரை எடுத்தால் ஆறு மாதத்திலும் வரலாம், இரண்டு வருஷமும் ஆகலாம் என்றாராம். ஆனால் அவர் மேற்கொண்டு சொன்னதுதான் அவனைப் படியிறங்க வைத்திருந்தது. உங்கள் மனைவிக்குக் கருமுட்டை ஏற்கனவே குறைந்துகொண்டு வருகிறது, அவருக்கு நேரம் அதிகம் இல்லை, இரண்டில் எது முந்தும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றிருக்கிறார்.

நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் அண்ணே என்று கெஞ்சினான். முடியாது என்றேன். ஊசி போடும்போது என்னைக் கூப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் அது சரியான வார்த்தை.

அன்றைக்கே சொல்லிவிட்டான். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்.

"எனக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்றான். அவள் குழாயை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சில நாள் எங்கள் வீட்டில் வந்து இருந்தாள். பிறகு அவளாகவே கிளம்பிப் போனாள். அவருக்கு மாத்திரை நேரம் தெரியாது அக்கா என்றாள். என் மனைவிக்குத் தங்கைமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவன் ஒரு காரியம் செய்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். அம்மாவிடம் போய், குறை எனக்குத்தான், நானே வரவழைத்துக்கொண்டது என்று சொன்னான். அம்மா நம்பவில்லை. பெண்டாட்டியைக் காப்பாற்ற என் பிள்ளை என்ன அருமையாகப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான் பார் என்று அதையும் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னாள். உண்மைக்கு வந்த மரியாதை அவ்வளவுதான்.

ஊசியை நிறுத்தியதும் சிங்கம் உரித்த கோழியாகிவிட்டது. வெளிச்சரக்கும் இல்லை, உள்சரக்கும் இன்னும் ஊறவில்லை. தோள் இறங்கியது, சட்டையெல்லாம் தொளதொளத்தது, ஒவ்வொன்றாக மறுபடி பிடித்துக் கொடுத்தேன். டீசல் தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து தூங்கினான். டிவியில் சோப்பு விளம்பரத்தில் குழந்தை வந்தால் அழுதான். ஒரு ஊசி, ஒரே ஒரு ஊசி போட்டுக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறான். அவள் கதவைத் தாழிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். மாத்திரை கொடுப்பது அவள், சோதனைக்குக் கூட்டிப் போவது அவள், குறட்டைக்கு முகமூடி மாதிரி ஒரு கருவியை மாட்டிவிடுவது அவள். காலையில் இருவரும் நடக்கப் போவார்கள். இரவு வேலைக்கு ஆள் வைத்தான். முன்பு அவள் தனியாக ஏறிய மருத்துவமனைப் படிகளில் இப்போது சேர்ந்து ஏறினார்கள். அப்போதுதான் அவர்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். அதற்கு இவ்வளவு ஆக வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் பூஜ்யம். பிறகு ஏதோ தெரிகிறது என்றார்கள். பிறகு பரவாயில்லை என்றார்கள். போன மாதம் ஒரு மத்தியானம் கடைக்குள் ஓடிவந்தான். நான் பாபின் மாற்றிக்கொண்டிருந்தேன். காகிதத்தை நீட்டினான். எல்லாம் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது, ரத்தத்திலும் அந்தச் சரக்கு யாருடைய தயவும் இல்லாமல் சரியாக ஊறுகிறது. டாக்டர் கையைக் குலுக்கினாராம். அண்ணே நீங்களும் வாங்க, அவகிட்ட சொல்லும்போது நீங்க பக்கத்துல இருக்கணும் என்றான். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். நல்லா வந்திருக்கு என்றாள். முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. இவன் பேசிக்கொண்டே போனான். இனி தாமதிக்கக் கூடாது, நாளைக்கே டாக்டரைப் பார்த்து அடுத்து என்ன என்று கேட்போம், உனக்கு லீவு கிடைக்குமா என்று.

அவள் காகிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து அவன் கையில் கொடுத்தாள்.

"எனக்கு நின்னு போச்சுங்க. ஏழெட்டு மாசம் ஆச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன், இனிமே வராதுன்னு சொல்லிட்டாங்க."

அவன் புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பது? ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டான்.

"அப்பத்தான் உங்களுக்கு உடம்பு தேறிட்டு வந்துச்சு. சொன்னா, இனி எதுக்குன்னு வைத்தியத்தை நடுவுலயே விட்டுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆபரேஷனை, மாமியாரை, வாங்கி வந்த பழத்தை எல்லாம் இழுத்துப் போட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தால் அவனுக்கு அழவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். அவள் மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ராத்திரி மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க, இன்னும் ரெண்டு மாசம் சாப்பிடச் சொல்லியிருக்காங்க என்றாள். சரி என்று தலையாட்டினான்.